சிவப்புப் பட்டையில் ஐந்து நாட்கள்

அறுவை முடிந்து இன்று நாற்பத்துமூன்றாம் நாள். நாற்காலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் கல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், வாழைத்தண்டுச் சாறு குடித்தீர்களா, தக்காளியை விட்டுவிட்டீர்களா என்று. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. என் சிறுநீரகம் கெட்டதில் கல்லுக்கு ஒரு பங்கு உண்டு. இன்னொரு பங்கு ஒரு வலைப்பக்கத்துக்கு உண்டு. அதைச் சொல்லத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். எழுத்தில் எழுந்து போக முடியாதே என்பதற்காகவும் எழுதுகிறேன்.

துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சிப்பத்தையும் எண்ணி, நேரத்தோடு குறித்துக் கையெழுத்துப் போடும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. மழை, மின்வெட்டு, படித்து முடித்த புத்தகம், வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாம் நாளும் மணியுமாகக் குறிப்பேட்டில் ஏறும். கீழே வரும் நேரங்கள் அதிலிருந்து எடுத்தவை.

தொடங்கியது ஒரு திங்கள்கிழமை காலை 6:20-க்கு. இடது விலாவுக்குக் கீழே ஈரக் கயிற்றை முறுக்குவதுபோல ஒரு வலி. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். 6:45-க்கு அது அப்படியே வெளியே வந்தது. ஏழு மணிக்கு என் மனைவி ராணி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். பத்தரைக்கு ஸ்கேன், பன்னிரண்டே காலுக்கு முடிவு. பணியில் இருந்த இளம் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“கல்லு இடது பக்கம் சார். ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கு. கிட்னியில இருந்து குழாய் ஆரம்பிக்கிற இடத்த அடைச்சிட்டு நிக்குது. யூரின் இறங்க வழியில்லாம கிட்னி வீங்கியிருக்கு.” பிறகு படத்தின் மறுபக்கத்தில் விரலை வைத்தார். “உங்க வலது கிட்னி ரொம்பச் சின்னது. பிறவியிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். முன்னாடி யாரும் சொன்னாங்களா?”

யாரும் சொன்னதில்லை. அறுபத்துமூன்று ஆண்டுகளாக ஒரே சிறுநீரகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வேலை செய்வது இடது ஒன்றுதான், அடைபட்டிருப்பதும் அதுதான் என்பது அன்று பன்னிரண்டே காலுக்குத்தான் தெரிந்தது. அது போனால் வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வாழ வேண்டும். மருத்துவர் இதைச் சொன்னபோது ராணி என் கையைப் பிடித்திருந்தாள். எது எத்தனை மணிக்கு என்று எல்லாம் குறித்த நான் அதை மட்டும் குறிக்கவில்லை.

அன்றைய இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.8. நம் தசைகள் வேலை செய்வதால் இரத்தத்தில் சேரும் கழிவு அது. நல்ல சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளிவிடும். எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நலம், ஏற ஏறக் கவலை. செவ்வாய்க்கிழமை சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு மெல்லிய குழாயைச் செருகினார்கள். இரண்டு முனையும் சுருண்டிருப்பதால் நழுவாமல் நிற்கும். சிறுநீர் இறங்கத் தொடங்கியது. வியாழக்கிழமைக்குள் எண் 1.7-க்கு வந்துவிட்டது.

இனி கல்லை எடுக்க வேண்டும். அதற்கான மருத்துவர் வெளியூர்க்காரர். புதன்கிழமைகளில் மட்டும் வருவார். முதுகில் சிறு துளையிட்டு, அதன் வழியே சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லை உடைத்து எடுப்பார். அடுத்த புதன்கிழமை என்று முடிவாயிற்று. இதில் ஒரு சிக்கல். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் என் இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிலிருந்து க்ளோபிடோக்ரெல் என்ற மாத்திரையைத் தினமும் போடுகிறேன். இரத்தம் கட்டிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. சிறுநீரகமோ இரத்தத்தில் ஊறிய பஞ்சு போன்ற உறுப்பு. அதில் துளையிடும்போது இரத்தம் உறையாவிட்டால் ஆள் பிழைப்பது கடினம்.

இவ்வளவும் இப்போது எனக்குத் தெரியும். அன்று யாரும் இப்படி உட்காரவைத்துச் சொல்லவில்லை. வியாழன் மாலை 4:15-க்கு வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டர் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

“ஆப்பரேஷன் வரைக்கும் மாத்திர எப்படின்னு வெப்சைட்ல உங்க பேர்ல ஏத்தியாச்சு சார். இந்த நம்பரப் போட்டாத் திறக்கும். அதுல உள்ளபடியே செய்ங்க.”

“ஒரு தாளில் எழுதித் தர முடியுமா, சிஸ்டர்?”

“இப்பல்லாம் தாளு கிடையாது சார். எல்லாம் ஆன்லைனுதான்.”

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்தேன். ஏழு மாத்திரைகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு பட்டைக்குள். பட்டையின் வலது ஓரத்தில் நாள் கணக்கு. சர்க்கரை மாத்திரைக்கு நேரே ‘அறுவைக்கு முந்தைய நாள் வரை’ என்றிருந்தது. இரத்த அழுத்த மாத்திரைக்கு ‘அறுவை நாள் காலை வரை’. க்ளோபிடோக்ரெலுக்கு நேரே ‘அறுவைக்கு முன் 5 நாட்கள்’. அவ்வளவுதான். போடு, போடாதே என்று ஒரு வினைச்சொல்கூடப் பக்கம் முழுவதும் இல்லை. நான் ஏழையும் நீல மையில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வெள்ளி முதல் செவ்வாய் வரை ஐந்து கட்டங்கள் போட்டேன்.

சரிபார்க்கவும் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை ராணி அடுப்படியில் ஊளி மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். போனை அவள் பக்கத்தில் வைத்து, பக்கத்தை உரக்க வாசிக்கும் பொத்தானை அமுக்கினேன். ஒரு பெண் குரல் வாசித்தது: “க்ளோபிடோக்ரெல். அறுவைக்கு முன் ஐந்து நாட்கள்.”

“அஞ்சு நாளும் மறக்காமப் போட்ருங்க,” என்றாள் ராணி. “ஆப்பரேஷனுக்கு முன்னால ஒடம்பத் தேத்தச் சொல்லுதாவ போல.”

ஐந்து நாளும் மறக்காமல் போட்டேன். ஐந்து கட்டத்திலும் நேரத்தோடு சரிக்குறி.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சேர்ந்தேன். கையில் ஊசிக்குழாய், முதுகுப் பக்கம் திறந்த பச்சையோ நீலமோ ஆன அங்கி. செவிலியர் ஒருவர் என் கோப்பைப் புரட்டினார். அதில் அதே வலைப்பக்கத்தின் அச்சுப் பிரதி செருகியிருந்தது. “க்ளோபிடோக்ரெல் அஞ்சு நாள், சரிதானே சார்?” என்றார். “சரிதாம்மா,” என்றேன். இரண்டு பேரும் நிறைவாகத் தலையாட்டிக்கொண்டோம்.

9:05-க்கு மயக்க மருத்துவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். கோப்பைத் திறக்காமல் நேராக என்னிடம் கேட்டார்.

“க்ளோபிடோக்ரெல் கடைசியா எப்ப போட்டீங்க?”

“நேத்துக் காலை எட்டுப் பத்துக்கு.”

பேனாவை மூடினார். “நேத்தா?”

“ஆமா டாக்டர். அஞ்சு நாள்ல ஒரு நாள்கூட விடல. குறிச்சே வச்சிருக்கேன்.” தலைமாட்டிலிருந்த குறிப்பேட்டை எடுத்து நீட்டவும் செய்தேன். அந்த நேரத்துப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

“அஞ்சு நாள் நிறுத்தணும் சார். நிறுத்தச் சொல்லித்தானே போட்டிருக்கு?” தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். “இந்தா பாருங்க. சிவப்புல இருக்கு. நிறுத்த வேண்டியது சிவப்பு, தொடர வேண்டியது பச்சை.”

பார்த்தேன். ஏழு பட்டைகளும் எனக்கு ஈரமண் நிறத்தில் இருந்தன. ஒன்று சற்று அடர்த்தி, அவ்வளவுதான். “எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, டாக்டர்,” என்றேன்.

அன்று அறுவை இல்லை என்று பத்து மணிக்குச் சொல்லிவிட்டார்கள். வெளியூர் மருத்துவர் வாசலில் நின்று, “படிச்சவர்தானே நீங்க? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சந்தேகம் வந்தால்தானே கேட்பான்? அந்தப் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தெளிவாக, அழகாக, பிழையாக இருந்தது.

ராணி விஷயத்தை வராந்தாவில்தான் கேட்டாள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் கப்பலில் மாலுமி வேலைக்கு உடல் தகுதிப் பரிசோதனை நடந்தது. வண்ணப் புள்ளிகளால் நிரம்பிய ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. எண் இருப்பதாகச் சொன்னதே வியப்பாக இருந்தது. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அதை வைத்துத்தான் இருட்டில் அறிவார்கள். நான் எப்படி அறிவேன்? திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து, கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி என்று சொன்னேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு வாந்தியா என்று ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். கண்ணில் கோளாறு என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பொய்யிலேயே டாலி கிளார்க் ஆனேன், கல்யாணம் செய்தேன், ஓய்வும் பெற்றேன்.

“அப்ப நம்ம நிச்சயதார்த்தத்துக்கு நான் கட்டியிருந்த பச்சப் பட்டு?” என்றாள் ராணி.

“நல்லாத்தான் இருந்திச்சு.”

“என்ன நெறமாத் தெரிஞ்சிது? உண்மையச் சொல்லணும்.”

“கருப்பட்டி.”

“கருப்பட்டியா! எங்க அப்பா மூணு கடை ஏறி எறங்கி எடுத்தது. முப்பத்தஞ்சு வருசமா ‘எடுப்பா இருக்கு’ன்னு சொன்னியளே, மனசாட்சி இருக்கா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. “எங்கிட்டயாவது சொல்லியிருந்தா அந்தப் பக்கத்த நான் கண்ணால பாத்திருப்பேன்லா? குரல வச்சு என்னய ஏமாத்திட்டியளே.”

அவள் சொன்னதில் இரண்டு இருக்கின்றன. மறைத்தது என் தவறு. அதை நான் எங்கும் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் கண்ணில் உள்ள கோளாறு அவள் காதில் இல்லை. அவளும் கேட்டாள், அவளுக்கும் தவறாகத்தான் புரிந்தது. வாசிக்கும் குரலுக்கு ஏது நிறம்?

11:20-க்குக் கணினிப் பிரிவுக்குப் போனேன். சதீஷ் என்ற இளைஞர் இருந்தார். பண்பானவர், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

“கலர்ல போட்டா எல்லாருக்கும் டக்குனு புரியும்லா சார்? ரோட்டு சிக்னல் மாதிரி. எழுத்து வாசிக்கத் தெரியாதவங்களுக்கும் வசதியா இருக்கட்டும்னுதான் அப்படி வச்சோம்.”

“நல்ல எண்ணந்தான் தம்பி. கலர எடுக்கச் சொல்லல. பக்கத்துல ‘நிறுத்தவும்’னு ஒரு சொல்லு போடுங்க. வாசிக்கத் தெரியாதவருக்குக் குறுக்கே ஒரு கோடோ பெருக்கல் குறியோ போடுங்க.”

“டிசைன் வெளிய வாங்கினது சார். அதுல கை வைக்கணும்னா நிர்வாகத்துல கேக்கணும். ஒருத்தருக்காக மாத்துறதுன்னா…”

அவருக்குத் துறைமுக வாயில் மிதவைகளைப் பற்றிச் சொன்னேன். போயா என்போம். கடலிலிருந்து உள்ளே நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்புப் போயா, வலப்பக்கம் பச்சைப் போயா. நிறம் தெரியாத நானும் லாஞ்சுப் படகில் போகும்போது எது எந்தப் பக்கம் என்று தப்பாமல் சொல்வேன். ஏனென்றால் சிவப்பின் தலை தட்டையாக இருக்கும், பச்சையின் தலை கூம்பாக இருக்கும். மேலே எண் எழுதியிருக்கும். விளக்கு மின்னும் கணக்கும் வேறு வேறு. இத்தனையும் என்னைப் போன்றவனுக்காகச் செய்ததில்லை. சூரியன் எதிரே இருந்தால் எல்லாப் போயாவும் கருப்புத்தான். மழையில் நிறம் மங்கும், உப்பில் வண்ணம் உரியும், கடற்பறவைகள் எச்சமிட்டு வெள்ளையடித்துவிடும். நல்ல கண் உள்ள மாலுமிக்கும் நிறம் கைவிடும் நேரம் உண்டு என்று தெரிந்துதான் வடிவத்தையும் எண்ணையும் சேர்த்தார்கள். இரும்பு மிதவைக்குச் செய்ததை ஒரு திரைக்குச் செய்யக் கூடாதா?

சதீஷ் ஆர்வமாகத்தான் கேட்டார். “இது எனக்குத் தெரியாது சார்,” என்றார். பிறகு, “உங்க ஃபைல்ல ஒரு நோட் போட்டுடுதோம். இனிமே உங்களுக்குப் பிரச்சன வராது,” என்றார்.

போட்டார்கள். மதியம் வீடு திரும்பும் முன் என் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு சீட்டை ஒட்டினார்கள்: ‘நிறம் தெரியாதவர்’. பக்கத்தைத் திருத்துவதற்குப் பதில் என்னைத் திருத்திவிட்டார்கள்.

அறுவை அடுத்த புதனுக்குத் தள்ளிப்போயிற்று. உடம்பு அதுவரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மதியம் 2:40-க்குக் குளிர் வந்தது. வெளியே வெயில் உப்பைப் போல் வெள்ளையாக அடித்துக்கொண்டிருக்க, நான் மூன்று போர்வைக்குள் பல் அடிக்கக் கிடந்தேன். காய்ச்சல் 103. கல்லுக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி பிடித்துவிட்டது. மறுபடி அதே வார்டு, அதே கட்டில் வரிசை. கிரியாட்டினின் 3.4.

“காய்ச்சல் இறங்கினாத்தான் புதன்கிழமை கல்லை எடுக்க முடியும்,” என்றார் இளம் மருத்துவர். “இறங்கலன்னா?” என்றாள் ராணி. “கிட்னி எவ்வளவு தாங்கும்னு பாக்கணும்மா,” என்றார். ராணி இரண்டு நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. அவளுடைய தங்கை கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். நான் வாயைத் திறக்க மறுத்தால், “குடிங்க, கருப்பட்டி போட்டிருக்கு. என்ன நெறம்னு கேக்க மாட்டேன்,” என்பாள் ராணி.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கட்டிலுக்கு மஹ்மூது காக்கா வந்தார். காயல்பட்டினத்துக்காரர், அங்கே மூத்தவரைக் காக்கா என்பார்கள். வயது எழுபத்தொன்று. அவருக்கும் கல், அவருக்கும் குழாய், அவருக்கும் இதய மாத்திரை. அறுவை என்னுடையதற்கு அடுத்த வாரப் புதன்கிழமை. கண்ணாடி போடாமல் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தை வாசிக்கும் கண் அவருக்கு. மருமகன் ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வலைப்பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு திங்கள்கிழமை காலை வந்தார். வீட்டுக்குப் புறப்படும் முன் காக்கா அதைக் கையில் பிடித்து உரக்க வாசித்தார்.

“க்ளோபிடோக்ரெல், அறுவைக்கு முன் அஞ்சு நாள். அப்ப வெள்ளிக்கெழமலேருந்து தொடங்கணும். ஏன் தம்பி, இதுக்கு முந்தி நாலு நாளு போட வேண்டாமா?”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஊசிக்குழாய் இழுத்துக் கையில் இரத்தம் வந்தது. “காக்கா, அது போடச் சொன்னதில்ல. நிறுத்தச் சொன்னது!”

“எங்க எழுதியிருக்கு நிறுத்தச் சொல்லி?”

“எழுதல. சிவப்பா இருக்குமாம்.”

காக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு மையில் அச்செடுத்த தாள். ஏழு பட்டைகளும் ஒரே சாம்பல். “இதுல ஏது சிவப்பு? எனக்கும் ஒம்ம கண்ணு ஒட்டிக்கிருச்சா?” என்றார். சந்தேகத்தில் ஷார்ஜாவில் இருக்கும் மகனைப் போனில் பிடித்தார். மகன் கட்டட வேலை இடத்தில் வெயிலில் நின்றான். அந்தப் பக்கத்தை அங்கேயே திறந்து பார்த்துவிட்டு, “வாப்பா, வெயில்ல எல்லாம் ஒரே வெளுப்பா இருக்கு. அஞ்சு நாளுன்னுதான் தெரியிது. போடுங்க,” என்றான்.

ராணி போய் ஸ்டெல்லா சிஸ்டரைக் கூட்டி வந்தாள். காக்காவின் தாளையும் என் கோப்பில் இருந்த தாளையும் அருகருகே கட்டிலில் வைத்தாள். “சிஸ்டர், இதுல எத நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க பாப்போம்.”

சிஸ்டர் பார்த்தார். வார்டின் அச்சு இயந்திரமும் கறுப்பு மட்டுமே அடிக்கும். என் கோப்பில் இருந்ததும் சாம்பல்தான். புதன்கிழமை செவிலியர் என்னிடம் ‘சரிதானே’ என்று கேட்டது அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான். “யேசுவே, எல்லா ஃபைல்லயும் இதான இருக்கு,” என்றார். அடுத்த முக்கால் மணி நேரம் வார்டில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, கணினித் திரையோடு ஒப்பிட்டு, நிறுத்த வேண்டிய மாத்திரைக்கு நேரே பேனாவால் ‘நிறுத்து’ என்று எழுதினார். அவருடைய கையில் ‘நிறம் தெரியாதவர்’ என்ற சீட்டு இல்லை. காக்காவின் கையில் இல்லை. ஷார்ஜாவில் நிற்கும் அவர் மகனின் கையிலும் இல்லை.

காக்கா போகும்போது என் தலையில் கை வைத்தார். “அல்லா ஒம்ம மூலமா எனக்குச் சொல்லிட்டான். ஒமக்கு யாரு மூலமா சொல்லியிருக்கணும்னுதான் தெரியல,” என்றார். எனக்கும் தெரியவில்லை. அன்று எனக்கு அதில் ஆறுதல் வரவில்லை. காக்காவின் சிறுநீரகம் தப்பியதில் மகிழ்ச்சி. என்னுடையதன் நிலை 3.2.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. புதன் 11:10-க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 1:25-க்கு வெளியே வந்தேனாம். முதுகில் ஒரு குழாய், வாயில் பாலைவனம். கல்லை ஒரு சிறு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். பொடிந்த ஓட்டுத் துண்டுகள் போல இருந்தது. இவ்வளவு சிறியதா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. அடுத்த ஐந்து நாளும் காலையில் வரும் எண்ணுக்காகவே விழித்தேன். 2.9, 2.6, 2.4, 2.3. ஐந்தாம் நாளும் 2.3. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு முறை சேர்ந்ததால் சேர்க்கைக் கட்டணமும் இரண்டு முறை. ராணி கட்டிவிட்டு, இரண்டு ரசீதையும் மடித்துப் பையில் வைத்தாள்.

நேற்று மறுபரிசோதனை. காத்திருக்கும் கூடத்தில் ஒன்றேகால் மணி நேரம். வெளியூர் மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார்.

“2.3. இதுக்குக் கீழ இனி இறங்காது சார். இத இப்படியே வச்சுக் காப்பாத்தணும். உப்பு குறைங்க, வலி மாத்திரை தொடக் கூடாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க.”

“முதல் புதன்கிழமையே கல்லை எடுத்திருந்தா?”

அவர் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தார். “அந்தக் காய்ச்சல் வந்திருக்காது. ஒண்ணே முக்கால்ல நின்னிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது,” என்றார். அன்று வாசலில் கேட்ட குரல் இல்லை அது.

வெளியே வரும்போது சதீஷ் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“சார், மாத்தியாச்சு! போன வாரந்தான் அனுமதி வந்துச்சு. பாருங்க.” போனை நீட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் மாத்திரையின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருந்தது. ‘நிறுத்தவும்’. ‘தொடரவும்’. நிறுத்த வேண்டியவற்றுக்குப் பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி. பொத்தானை அமுக்கி வாசிக்கவும் வைத்தார். குரல் சொன்னது: “நிறுத்தவும். க்ளோபிடோக்ரெல். அறுவைக்கு முன் ஐந்து நாட்கள்.” பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “இப்ப சிஸ்டருங்களே இதான் வசதின்னு சொல்லுதாங்க சார். போன் பண்ணிச் சந்தேகம் கேக்குறவங்களும் கொறஞ்சிட்டாங்க.”

“மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?”

“அதுவா சார்? ரெண்டே நிமிசம்.” சிரித்தார். நல்ல பையன். வேலையை முடித்த மகிழ்ச்சி அவருக்கு.

ராணி சிரிக்கவில்லை. பையைத் திறந்து, அன்றைய அறிக்கையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். “இத வாசிங்க.”

“ரெண்டு புள்ளி மூணு,” என்று வாசித்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அந்த எண் என்னவென்று தெரியவில்லை.

என்னவென்று சொன்னேன். ஒன்றே முக்காலில் நின்றிருக்கலாம் என்பதையும், இனி இறங்காது என்பதையும், எனக்கு வேலை செய்வது அது ஒன்றுதான் என்பதையும். எல்லாம் சொல்லி முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.